வெள்ளையாய் வெந்த நாலு ப்ளக்

"என் புருஷன்தான் என் தம்பியைக் கொளுத்தினான். அதை நிரூபிச்சுக் கொடுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் கைப்பையை மேசைமேல் ஓங்கி வைத்தாள். என் டீ டம்ளர் குதித்து, காலையிலிருந்து நான் டைப் அடித்து அடுக்கிய காகிதங்களின் மேல் கவிழ்ந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றைக்கு அது முதல் கோபம். பொழுது சாய்வதற்குள் அந்தக் கோபம் ஆள் மாறி ஆள் மாறி எங்கெங்கோ போகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேடம் அசையவில்லை. மேடம் என்றால் என் முதலாளி. ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயர். நசுங்கின கார், எரிந்த லாரி எல்லாவற்றையும் குடைந்து பார்த்தவர். வண்டிகள் பொய் சொல்வதில்லை, வண்டிக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். என் பெயர் அவருக்கு மறந்தே போயிருக்கும். 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்.

"வாயாடி, ஒரு துணி எடுத்துத் துடை" என்றார். "உட்காரும்மா. தம்பி இப்ப எப்படி இருக்கான்?"

"ஐ.சி.யூ.ல இருக்கான். ரெண்டு கையும் வெந்துபோச்சு. வாயில குழாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறான், பேச முடியல." அவள் உட்காரவில்லை. வாசலில் வீங்கிப்போன ஒரு பயணப் பை கிடந்தது. வீட்டை விட்டே வந்துவிட்டாள் போலிருக்கிறது. சின்னதாக ஒரு அழகு நிலையம் நடத்துகிறாளாம். மெரூன் பூசிய நகங்கள் மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தன. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

"முதல்லேருந்து சொல்லு."

"தம்பிக்குக் கார்னா உயிர். ரெண்டு கதவு வச்ச வேகக் கார் ஒண்ணு வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனா ரேஸ் மைதானத்துல ஓட்டுவான். இன்னும் வேகம் வேணும்னு புது சைலன்சர் போட்டான். என்ஜின்லேருந்து வால் வரைக்கும் தடியா ஒரே பைப். அது போட்டா ஸ்பார்க் ப்ளக்கும் மாத்தணுமாம். என் புருஷன் மெக்கானிக். அவன்தான் மாத்தினான். அன்னிக்கே ரெண்டு பேருக்கும் சண்டை. 'இந்தக் கார்லயே வெந்து போவேடா'ன்னு கத்தினான். தெருவே கேட்டுச்சு. நானும் கேட்டேன். ஞாயித்துக்கிழமை என் தம்பி வெந்து போனான்."

"போலீஸ் என்ன சொல்லுது?"

"ப்ளக் நாலும் வெள்ளை வெளேர்னு வெந்து கிடக்காம். வேணும்னே தப்பான ப்ளக் மாட்டிட்டான்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். கார் இப்ப சைலன்சர் பட்டறையில நிக்குது. சாயங்காலம் அங்க போய் நான் புகார்ல கையெழுத்துப் போட்டா அவனைத் தூக்கி உள்ளே வச்சிடுவாங்க."

நான் துடைத்துக்கொண்டே கேட்டேன்: "போட வேண்டியதுதானே? எங்ககிட்ட எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஈரக் காகிதம் காய்ந்திருக்கும். பிறகு முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"கையெழுத்துப் போட்டப்புறம் அது தப்புன்னு தெரிஞ்சா, நான் எங்க போய் நிப்பேன்?" உடனே பழைய ஆத்திரம் திரும்பியது. "தப்பா இருக்காது. ஆனாலும் பார்த்துச் சொல்லுங்க."

*

மெக்கானிக் பட்டறையில் எங்களை வரவேற்றது ஒரு சுத்தியல். எங்கள் மேல் படவில்லை. இரும்பு மேசைமேல் பட்டது, அவ்வளவுதான். அந்த ஆள் ஒரு துருப்பிடித்த போல்ட்டை அடித்துக்கொண்டிருந்தான். அடித்த அடியைப் பார்த்தால் அவனுக்கு அந்த போல்ட்டைக் கழற்றுகிற உத்தேசம் இருந்ததாகத் தெரியவில்லை.

"போலீஸா?"

"இல்ல" என்றார் மேடம்.

"இன்ஷூரன்ஸா?"

"முன்னாடி."

"அப்ப முன்னாடியே வந்திருக்கணும். இப்ப வெளியே போங்க."

"உன் பொண்டாட்டி அனுப்பினா."

சுத்தியல் நின்றது. "எதுக்கு? நான் இன்னும் உசிரோட இருக்கேனான்னு பார்க்கவா?"

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன். என்ன ப்ளக் போட்டே, எதுக்காக அதைப் போட்டே?"

கெட்டிக்காரக் கேள்வி. கொலைகாரன் என்று சொன்னால் பேசாமல் இருந்துவிடுவான். தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். இவனும் மூடவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எங்கள் மேல் விட்டெறிந்தான்.

"சைலன்சரைத் தாராளமா பண்ணினா என்ஜின் நல்லா மூச்சு விடும். மூச்சு விட்டா பலம். பலம் வந்தா சூடும் கூட வரும். அந்தச் சூட்டை ப்ளக் தன் நுனியிலேயே வச்சுக்கிட்டா அது ஹாட் ப்ளக். உடம்பு வழியா சீக்கிரம் இறக்கிவிட்டா கூல் ப்ளக். இந்த மாதிரி கார்ல ஹாட் ப்ளக் போட்டா நுனி தணலாகி, நேரம் காலம் இல்லாம பெட்ரோலைப் பத்தவச்சு, பிஸ்டன்ல ஓட்டை போட்டுரும். ரொம்ப கூலா போட்டா கரி பிடிச்சு என்ஜின் இருமும். அதனால கம்பெனிக்காரன் போட்டதுக்கு ஒரு படி கூல். ஒரே ஒரு படி. அதைத்தான் போட்டேன்."

"புது சைலன்சர் போடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி. அப்புறம்தான் காரை அந்தப் பைப் பட்டறைக்காரன்கிட்ட ஓட்டிட்டுப் போனான். போகாதேடான்னு சொன்னேன். அவனுக்கு வெல்டிங் தெரியும், என்ஜின் தெரியாது. நானே பண்ணித் தர்றேன், ரெண்டு வாரம் பொறுன்னு சொன்னேன். கேக்கல. அவன்கிட்ட விட்டா இந்தக் கார்லயே வெந்து போவேன்னு கத்தினேன்." அவன் கைத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "ஊர்ல எல்லாருக்கும் கடைசி வார்த்தை மட்டும்தான் காதுல விழுந்திருக்கு."

நான் இதற்குள் அலமாரியை மேய்ந்துகொண்டிருந்தேன். ஒரு தட்டில் பச்சைப் பெட்டி ப்ளக்குகள், இன்னொரு தட்டில் ஊதாப் பெட்டி ப்ளக்குகள். ஸ்பானர்களுக்கு நடுவில், கிரீஸ் டப்பாவை ஒட்டி, மெரூன் நெயில் பாலிஷ் ஒன்று.

"அண்ணே, நகத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பீங்களா?"

எண்ணெய்த் துணி பறந்து வந்து என் முகத்தில் அப்பியது. "அது என் பொண்டாட்டியோடது. வைடா அங்க! பெட்டியையும் தொடாதே. பச்சைப் பெட்டிக் கணக்கு வேற, ஊதாப் பெட்டிக் கணக்கு வேற. கலைச்சுத் தொலைச்சுடாதே."

எனக்கு இரண்டாவது கோபம். அந்தக் கோபத்தில்தான் ஒரு ஊதாப் பெட்டியை நைசாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேடம் பார்த்துவிட்டார்.

"தம்பி காருக்கு எந்தப் பெட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"ஊதா. ரேஸ் வண்டிக்கு நான் ஊதாவைத் தவிர வேற போட மாட்டேன். அது இந்த லைன்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"இதையெல்லாம் போலீஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். யாரும் கேக்கல. என் பொண்டாட்டியும் கேக்கல. அவளே நம்பலேன்னா மத்தவன் நம்பி என்ன, நம்பாட்டி என்ன? இந்த ப்ளக் வெள்ளையா வேகாது மேடம். வேகவே வேகாது. ஆனா வெந்திருக்குன்னு சொல்றாங்க. கை தவறி மாத்திப் போட்டுட்டேனான்னு எனக்கே புத்தி பேதலிக்குது."

"நான் போன் பண்ணுவேன். எடு."

"எடுக்க மாட்டேன்."

"எடு" என்றார் மேடம், என்னிடம் பேசுகிற அதே குரலில். நான் அந்தக் குரலுக்கு எப்போதும் கட்டுப்படுவேன். அவனும் கட்டுப்படுவான் என்று எனக்குத் தோன்றியது.

காரில் ஏறினதும் கேட்டேன்: "மேடம், இவன்தானா?"

"மூஞ்சியில எண்ணெய் இருக்கு, துடை."

*

பைப் பட்டறை முதலாளிக்கு ஊரில் 'சைலன்சர்' என்றே பெயர். தொழிலுக்காக வைத்த பெயர். ஆளுக்குப் பொருந்தாத பெயர். நாங்கள் வாசலில் கால் வைத்ததிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. நெற்றியில் வெல்டிங் கண்ணாடி, கையில் கையுறை, சுவர் முழுக்கப் பளபளவென்று தொங்கும் பைப்புகள். பட்டறையின் ஒரு மூலையில் காஸ் வெல்டிங் சிலிண்டர்கள், இன்னொரு மூலையில் கழிவு எண்ணெய் பீப்பாய். நடுவில் தம்பியின் கார். முன்பக்கம் சுவரில் மோதி நசுங்கி, நடுவயிறு கருகி, ஒரு கதவு இல்லாமல் நின்றது. அந்தக் கதவைப் பிய்த்துத்தான் பையனை வெளியே இழுத்திருக்கிறார்கள்.

மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரே நல்ல நாற்காலியில் இன்ஸ்பெக்டர்.

"இன்ஷூரன்ஸ் மேடமா? உங்களுக்கு இங்க என்ன வேலை? கேஸ் முடிஞ்சு போச்சு" என்றார் அவர் எடுத்த எடுப்பில்.

"முடிஞ்ச கேஸைப் பார்த்துக் கத்துக்கலாம்னு வந்தேன் சார்."

"கத்துக்கோங்க, கத்துக்கோங்க" என்று சைலன்சர் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் நாலு ப்ளக். நுனிகள் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தன. "கார் எரிஞ்ச உடனே நான்தான் என் கிரேன்ல இழுத்துட்டு வந்தேன். வந்ததும் முதல் வேலையா ப்ளக்கைக் கழட்டிப் பத்திரப்படுத்தினேன். சாட்சி கெட்டுப்போயிடக் கூடாது பாருங்க."

"நல்ல மனசு" என்றார் மேடம். ஒரு ப்ளக்கை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மேல் பாதியில் இருந்த பீங்கான் பளிச்சென்று இருந்தது. கம்பெனி முத்திரையும் நம்பரும் தெளிவாகத் தெரிந்தன. "ஊதாப் பெட்டிக் கம்பெனி. நம்பர் நாலு. எனக்கு வயசாச்சு, இந்த நம்பர் கணக்கெல்லாம் மறந்துபோச்சு. நாலுன்னா என்ன அர்த்தம்?"

சைலன்சர் உற்சாகமானார். "நம்பர் சின்னதா இருந்தா ஹாட். பெரிசாகப் பெரிசாகக் கூல். இந்தக் காருக்குக் கம்பெனி போட்டது ஏழு. புது சைலன்சருக்கு எட்டு போட்டிருக்கணும். பாவி, நாலு போட்டிருக்கான். அடுப்பைக் கொண்டுபோய் என்ஜினுக்குள்ள வச்ச மாதிரி! சின்னப் பையன்கூட இந்தத் தப்பு பண்ண மாட்டான். வேணும்னே பண்ணினதுதான்."

"நானும் அப்படியேதான் எழுதியிருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர். எழுதியிருக்கிறாராம்! சைலன்சர் சொல்லச் சொல்ல எழுதியிருப்பார். எனக்கு மூன்றாவது கோபம் வந்தது. நாற்காலியோடு சேர்த்து அவரைத் தெருவில் வைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

"நீங்க எந்தக் கம்பெனி ப்ளக் விக்கிறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"பச்சைப் பெட்டி மட்டும்தான். ஊதாவை நான் கையால தொடறதில்ல. அது அந்த மெக்கானிக் வழக்கம்."

மேடம் போனை எடுத்து நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, நசுங்கின காரின் கூரைமேல் வைத்தார். மணி ரொம்ப நேரம் அடித்தது. அப்புறம், "என்ன?" என்று ஒரு உறுமல்.

"ஊதாப் பெட்டியில நாலாம் நம்பர் ப்ளக். ஹாட்டா, கூலா?"

"எந்த மடையன் கேக்கறான்?"

"இன்ஸ்பெக்டர் கேக்கறார்."

"நாலா? ஐஸ் கட்டி! பச்சைப் பெட்டிக்குத்தான் நம்பர் ஏற ஏற கூல். ஊதாவுக்கு அப்படியே தலைகீழ். ஏற ஏற ஹாட். கார் கம்பெனி போட்டது ஊதா ஏழு, நான் போட்டது ஊதா ஆறு. அந்தக் கார்ல எவனாவது நாலைப் போட்டான்னா கரி பிடிச்சு, மைதானத்தை ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள நின்னுரும். எதுக்குக் கேக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார்.

"அவன் சொல்லுவான்! தன்னைக் காப்பாத்திக்க எதையும் சொல்லுவான்!" என்று சைலன்சர் கத்தினார்.

நான் சட்டைப் பையிலிருந்து ஊதாப் பெட்டியை எடுத்து இன்ஸ்பெக்டர் மடியில் வைத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு அச்சடித்திருந்தது. பெரிய நம்பர் பக்கம் குட்டிச் சூரியன். சின்ன நம்பர் பக்கம் பனித்துளி. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று போட்ட படம். இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திருப்பினார், புரட்டினார், தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தார். சூரியன் இடம் மாறவில்லை.

"சரி, அப்ப அந்த மெக்கானிக்தான் குழம்பி நாலைப் போட்டிருக்கான்" என்றார் சைலன்சர், கொஞ்சம் வேகம் குறைந்து.

"போட்டிருக்கட்டும்" என்றார் மேடம். "கூல் ப்ளக் எப்படிங்க வெள்ளையா வேகும்?"

"நான் பார்க்கலாமா?"

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். பயணப் பையோடு அவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியாது. கையெழுத்துப் போட வந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தட்டுக்கு வந்தாள்.

"பாரும்மா" என்றார் மேடம். "இன்ஸ்பெக்டர் நீட்டற காகிதத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதைப் பாரு."

அவள் வெந்த நுனியைப் பார்க்கவே இல்லை. மேல் பக்கத்துப் பீங்கானைத்தான் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். ஒன்று. அடுத்தது. நாலையும் பார்த்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என் பாலிஷ் எங்க?"

"என்ன பாலிஷ்?" என்றார் இன்ஸ்பெக்டர் எரிச்சலாக.

"நெயில் பாலிஷ். ப்ளக்கோட நுனியில ஒரு பக்கம் திறந்திருக்கும் பாருங்க, தீப்பொறி வர்ற பக்கம். உள்ளே முடுக்கினப்புறம் அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு வெளியில தெரியாது. அதனால அவர் முதல்லேயே மேல பீங்கான்ல அந்தப் பக்கமா ஒரு புள்ளி வச்சுப்பார். ரேஸ் வண்டின்னா புள்ளி வைக்காம ஒரு ப்ளக்கைக்கூட மாட்ட மாட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என் பாட்டிலைத்தான் திருடறார். மெரூன்தான் வேணுமாம், கரியிலயும் தெரியுமாம். இதுக்காக எத்தனை சண்டை போட்டிருக்கேன்!" அவள் ப்ளக்கைத் தூக்கிப் பிடித்தாள். "இதுல புள்ளி இல்ல. ஒண்ணுலகூட இல்ல. இது என் புருஷன் போட்டது இல்ல."

"தீயில எரிஞ்சு போயிருக்கும்!" என்றார் சைலன்சர்.

"நம்பர் எரியல. கம்பெனி பேர் எரியல. என் புள்ளி மட்டும் எரிஞ்சிருக்குமா?" அவள் குரல் பட்டறைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்களே!"

மேடம் அதற்குள் காரின் முன்பக்கம் போயிருந்தார். கைவிளக்கை எடுத்து, ப்ளக் இருந்த ஓட்டை ஒன்றில் வெளிச்சம் பாய்ச்சினார். "சார், கொஞ்சம் எழுந்து வர்றீங்களா? நாற்காலியை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே பிஸ்டன் தலையில் ஓட்டையும் இல்லை, வெள்ளையும் இல்லை. புகைபோக்கிக்குள் பார்த்ததுபோல் ஒரே கரி.

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கரி மண்டியில மூட்டை தூக்கினேன், சட்டையில ஒரு கறைகூடப் படலேன்னு ஒருத்தன் சொன்னா நம்புவீங்களா?" என்றார் மேடம். "அந்த நாலு ப்ளக்கும் இந்த என்ஜினுக்குள்ள ஒரு நிமிஷம்கூட இருந்ததில்ல. காஸ் வெல்டிங் தீயில காட்டி வறுத்தது."

"அப்ப உண்மையான ப்ளக்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கரேல்னு இருந்திருக்கும். அதுதான் தொல்லை. என்ஜின் எப்படி ஓடுச்சுன்னு ப்ளக்கோட நிறம் சொல்லிடும். வெளுத்திருந்தா சூடு. கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் அளவுக்கு மேல கொட்டியிருக்கு. ஒரு படி கூல் ப்ளக்ல இவ்வளவு கரி பிடிக்காது. ஆகவே யாரோ பெட்ரோலைக் கொட்ட வச்சிருக்காங்க. வாயாடி, வண்டிக்கு அடியில போ."

என்னுடைய ஒரே நல்ல சட்டை அது. போனேன். மல்லாந்து படுத்து, தடியான அந்தப் புதுப் பைப்பைத் தடவிக்கொண்டே போனேன். என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு ஒயர் தொங்கியது. அதன் நுனியில் கட்டைவிரல் அளவு ஒரு சாமான். அதைக் கட்டுக்கம்பியால் சும்மா ஒரு ஓரமாகக் கட்டிவைத்திருந்தது. கம்பி முடிச்சு புத்தம் புதுசு.

"மேடம், ஒரு சென்சார் அந்தரத்துல தொங்குது. பைப்புல அதுக்கு ஓட்டையே இல்ல. பைப்புக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவுல ஒரு தகடு இருக்கணுமே, அதுவும் இல்ல."

"இருக்காது. பைப் தடிமன். தகடு இடிச்சிருக்கும், கழட்டிப் போட்டுட்டார்" என்றார் மேடம். குரல் உயரவில்லை, ஆனால் அவர் கோபத்தை நான் அறிவேன். கோபம் ஏற ஏற அவர் மெதுவாகப் பேசுவார். "அந்த சென்சார் பைப்புக்குள்ள மூக்கை நுழைச்சுப் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் போதுமா, போதாதான்னு காரோட கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். இவர் அதை வெளிக்காத்துல கட்டித் தொங்கவிட்டுட்டார். அது சுத்தமான காத்தை மோந்துட்டுப் போதல, போதலன்னு கத்தியிருக்கு. கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு. எரியாத பெட்ரோல் பைப்புக்குள்ள போய் எரிஞ்சு, பைப் பழுக்கக் காய்ஞ்சு, தகடு இல்லாத இடத்துல பெட்ரோல் குழாய் உருகிடுச்சு. அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழ."

அந்தப் பெண் காரின் கருகிய நடுவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரை இங்க இழுத்துட்டு வந்து ப்ளக்கைக் கழட்டினதும் உங்களுக்கு உதறல் எடுத்திருக்கும்" என்று மேடம் சைலன்சர் பக்கம் திரும்பினார். "கரி உங்க பைப்பைக் காட்டிக் கொடுத்துடும். அப்பதான் நம்பரைப் பார்த்தீங்க. ஆறு. ஏழுக்குக் கீழ ஆறு. பச்சைப் பெட்டிக் கணக்குப்படி மெக்கானிக்கே ஒரு படி ஹாட்டா போட்டுட்டான்னு நினைச்சு சந்தோஷப்பட்டிருப்பீங்க. ஒரு படி எதுக்கு, மூணு படியாவே ஆக்கிடுவோம்னு ஊதாப் பெட்டியில நாலு வாங்கி வறுத்தீங்க. வாழ்நாள்ல ஊதாவைத் தொட்டிருந்தா ஒன்பதை வாங்கியிருப்பீங்க. நானும் ஏமாந்திருப்பேன்."

"அவன்தான் அவசரப்படுத்தினான்!" சைலன்சர் வெடித்தார். "ஞாயித்துக்கிழமை ரேஸ், ஞாயித்துக்கிழமை ரேஸ்னு தலைமேல ஏறி உட்கார்ந்தான்! மாட்டினப்புறம்தான் ஓட்டை போடாம விட்டது தெரிஞ்சுது. மறுபடி எல்லாத்தையும் இறக்கி ஓட்டை போட்டு... நேரம் எங்க இருந்துச்சு? ஒரே ஒரு ஓட்டை! அதுக்காக இவ்வளவு ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு ஓட்டையா?" என்றாள் அவள்.

அடுத்த கணம் தட்டு பறந்தது. வறுத்த ப்ளக்குகள் நாலு பக்கமும் உருண்டன. அவள் அவர் சட்டையைப் பிடித்திருந்தாள். "ஒரு ஓட்டை போட உடம்பு வணங்காம என் தம்பி கையை வேகவச்சே! வேகவச்சதும் போதாதுன்னு என் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தே! அதுக்கு என் கையெழுத்தையே கேட்டியேடா!"

இன்ஸ்பெக்டர் விலக்கப் போனார். நான் போகவில்லை. என்னுடைய கோபம் கடைசியாக வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு அறை விழட்டும் என்று காத்திருந்தேன். விழுந்தது.

ஒன்று மட்டும் கவனித்தேன். அடி வாங்கும்போதும் சைலன்சர் பின்வாங்கின திசை வாசல் இல்லை. கழிவு எண்ணெய் பீப்பாயை மறைத்துக்கொண்டு போய் நின்றார். மேடமும் அதைக் கவனித்துவிட்டார் என்பது எனக்குத் துரதிர்ஷ்டம்.

"வாயாடி."

"மேடம், இது முழுக்கைச் சட்டை..."

"மடிச்சு விட்டுக்கோ."

தோள் வரைக்கும் கையை விட்டேன். அடியில், சேறுபோல் இறுகின எண்ணெய்க்குள், ஒரு துணி முடிச்சு. எடுத்துப் பிரித்தேன். நாலு ப்ளக். அந்தப் பெண் என் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தன் கைக்குட்டையால் துடைத்தாள். எண்ணெய் போனது. நுனியில் அப்பியிருந்த கரி போகவில்லை. மேலே பீங்கானில் ஆறு என்ற நம்பர். அதற்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு, ஒரு மெரூன் புள்ளி.

"இதோ என் புள்ளி" என்று தன் நகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம்.

இன்ஸ்பெக்டர் சைலன்சரின் தோளில் கை வைத்தார். புகார்க் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. ப்ளக்கைப் பிடித்துக்கொண்டு, பயணப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன்மேலேயே பொங்கின கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாலிஷ் கடைசிப் பாட்டில்" என்றது ஒரு குரல்.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். கார்க் கூரைமேல் போன். மேடம் அதை அணைக்கவே இல்லை. மறந்துவிட்டாரா, மறந்தது போல் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பட்டறையில் நடந்த அத்தனையையும் அந்த மனுஷன் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் எழுந்து போய் போனைக் கையில் எடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"கேட்டுட்டா இருந்தீங்க?"

"நீ என்னை நம்பல" என்றான் அவன். ஒவ்வொரு எழுத்திலும் கோபம் இருந்தது.

எதிர்பார்த்த சமாதானத்தை அவள் சொல்லவில்லை.

"நம்பல" என்றாள். "பையைக் கட்டிட்டு வந்துட்டேன். இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடத்தான் வந்தேன். போட்டிருப்பேன்."

மேடம் சுவரில் தொங்கிய பைப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார். நான் என் சட்டையைப் பார்த்தேன்.

"தம்பி கண்ணைத் திறந்து வாசலையே பார்க்கிறான்" என்றாள் அவள். "என்னைப் பார்த்தப்புறமும் வாசலையே பார்க்கிறான். யாரைத் தேடறான்னு எனக்கு இப்பதான் புரியுது. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"வந்தா கத்துவேன்."

"ஐ.சி.யூ.ல கத்தக் கூடாது. வெளிய வராந்தாவுல வச்சுக் கத்துங்க. நான் நின்னு கேட்டுக்கறேன்."

போனில் சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.